பாரம் குறைந்த துவக்கு

விளக்கேற்றிவிட்டுக் கண்ணை மூடினால், பின்னால் ஒரு மனிதர் தும்புத்தடியைத் தோளில் வைத்து என் தலைக்கு மேலால் முருகனைக் குறி பார்த்துக்கொண்டு நிற்கிறார். கும்பிடுகிறவளுக்கு எப்படி மனம் ஒன்றும்?

"இஞ்சேருங்கோ, அந்தப் பக்கம் திரும்பி நிண்டு பிடியுங்கோவன்."

"அந்தப் பக்கம் ஜன்னல். வெளிச்சம் கண்ணுக்குள்ளை அடிக்குது."

"அதுக்காக முருகன்ரை நெஞ்சுக்கு நேரை நீட்டுறதே?"

"நீர் கும்பிடும். நான் அவரைச் சுடமாட்டன்."

தும்புத்தடியின் நுனியில் கோதுமை மாப் பைகளைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். வாங்கப்போகிற துவக்கின் பாரம் தடியில் வரவேண்டுமாம். தும்பைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார். கூட்டுவதற்கும் வழியில்லை, ரொட்டி சுடுவதற்கும் மாவில்லை. அந்தக் கோடையில் சில நாள் எங்கள் வீடு இப்படித்தான் நடந்தது.

துப்பாக்கியைத் துவக்கு என்று நான் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். பிரெஞ்சில் அதற்கு வேறு பெயர். எந்தப் பெயரில் சொன்னாலும் எனக்குக் காதில் விழக்கூடாத பொருள். என் கணவருக்கும் அப்படித்தான் இருந்தது. துவக்கைக் காணாத இடத்துக்குப் போ என்று சொல்லித்தான் அவரைப் பெற்றவர்கள் மீசை அரும்பும் வயதில் பாரிசுக்கு அனுப்பிவைத்தார்கள். வந்து இத்தனை வருடமாக அவர் கையில் பிடித்தவை கத்தியும் அகப்பையும்தான். ஊரில் சண்டை முடிந்தும் சில வருடம் ஆகிவிட்டது. தலை நரைத்த பிறகு, பேரப்பிள்ளை பார்க்கிற வயதில், துவக்கு வாங்கப் போகிறேன் என்றால் நான் யாரிடம் சொல்லி அழுவது?

நடந்தது இதுதான். இவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். ஒரு நாள் நிலவறைப் படியில் உருளைக்கிழங்குச் சாக்கோடு வழுக்கி விழுந்தார். வலது தோளில் சவ்வு கிழிந்துவிட்டது. ஒப்பரேசன் செய்தார்கள். "கை திரும்பி வரும். ஆனால் நீங்கள்தான் அதை வேலை வாங்க வேண்டும். சும்மா வைத்திருந்தால் அப்படியே இறுகிப் போய்விடும்" என்று டொக்டர் சொல்லியனுப்பினார்.

இவர் சும்மாதான் வைத்திருந்தார். காலையில் செற்றியில் சாய்ந்தால் இரவு வரைக்கும் அதே செற்றி. ரீவி தன்பாட்டுக்கு ஓடும். தேத்தண்ணி வைத்தால் ஆடை படிந்து ஆறிப்போகும். தோள் பயிற்சிக்குப் போகிற நாளில் வயிற்றுவலி என்பார். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பல் வீதியில் தேர் வருகிறது, வாருங்கள் என்று கூப்பிட்டேன். திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களில் முன் வரிசையில் நின்றவர் இவர். "தூக்கேலாதவனுக்கு அங்கை என்ன வேலை?" என்றுவிட்டு ஜன்னலைச் சாத்தினார். நாதஸ்வரம் எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து போனது. இவர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த நேரத்தில்தான் இவருடைய பழைய முதலாளி கூப்பிட்டார். அவர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாகத் தன் கிராமத்துக்குப் போய்விட்ட மனிதர். வேட்டைக்காரர். அவர் சுட்டுக் கொண்டுவருகிற பன்றியையும் மானையும் இவர்தான் காலம் காலமாகச் சமைத்தவர். "வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போ, காட்டுக்குள் சத்தம் போட்டு மிருகங்களைக் கலைக்க ஆள் வேண்டும்" என்றார். நான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தேன்.

ஞாயிறு இரவு வந்தார். காற்சட்டை முழுக்கச் சேறு, கன்னத்தில் முள்ளுக் கீறல். கதவைத் திறந்த கையோடு கேட்டார்:

"சோறு இருக்கோ?"

போட்டேன். சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையை நீட்டி, "இன்னும் இருக்கோ?" என்றார். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்டேன். இனி இந்த வேட்டை விசயத்தில் நான் குறுக்கே நிற்கக் கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நினைத்தது பிழை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பட்ட கரைச்சல் கொஞ்சமில்லை.

வேட்டை அனுமதிக்குச் சோதனை எடுத்தார். வேலை முடிந்து வருகிற மகன் இரவுச் சாப்பாட்டில் கேள்வி கேட்க, இவர் வாயில் சோற்றோடு பதில் சொல்லுவார். பாஸ் பண்ணினார். முதலாளி தன்னுடைய பழைய துவக்கைக் கொடுத்துப் பழகச் சொன்னார். அது அந்தக் காலத்து இரும்பு. இவரால் வலது முழங்கையை உயர்த்திப் பிடிக்க முடியவில்லை, குழல் தானாகக் கீழே இறங்கியது. பக்கத்தில் நின்ற கிராமத்து ஆட்கள் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்களாம். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தார். செற்றி, ரீவி, ஆறின தேத்தண்ணி. பயிற்சிக்காரி போன் எடுத்தால் என்னை எடுக்கச் சொன்னார்.

ஒரு கிழமை, முழுதாய் ஏழு நாள் பொறுத்தேன். பிறகு நானே வாயைத் திறந்தேன். "பாரம் குறைஞ்சதாப் பாத்து ஒண்டு வாங்குங்கோவன்." வெள்ளி, செவ்வாய் மச்ச மாமிசம் தொடாதவள், கந்தசட்டி விரதம் தண்ணீரோடு இருக்கிறவள், என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டு மனம் கேளாமல் கோயிலுக்கு ஓடினேன்.

"ஐயா, வள்ளியம்மை மான் வயித்திலை பிறந்தவ. இவர் மான் சுடப் போறாராம்."

ஐயர் கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "வேட்டைத் திருவிழாவுக்கு நீங்கள் வாறனீங்கள்தானே அம்மா?" என்றார்.

"ஓம் ஐயா."

"சாமியே வேட்டைக்குப் போகுது. முருகன் வள்ளியிட்டைப் போனதும் வேட்டைக்காரனாத்தான். நான் சுடச் சொல்லேல்லை, சுடவேண்டாம் எண்டும் சொல்லேல்லை. ஆனால் சனிக்கிழமையிலை இரும்பு வாங்கிப்போடாதேங்கோ. அவருக்கு ஏழரைச் சனி நடக்குது."

ஒரு பதில் கேட்கப் போனவள் இன்னொரு கரைச்சலோடு திரும்பி வந்தேன். ஏனென்றால் துவக்குக் கடை ஞாயிறும் திங்களும் பூட்டு. கார் ஓடுகிற மகனுக்கு மற்ற நாளெல்லாம் வேலை. மிச்சம் இருந்தது சனிக்கிழமைதான்.

இதைத் தீர்த்துவைத்தவர் என் அண்ணை. பாரிசுக்கு வெளியே பொண்டியில் தோட்டத்தோடு தனிவீடு வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாத விசயம் உலகத்தில் இல்லை.

"விசரி, பாக்கிறது வேறை, வாங்கிறது வேறை. சனிக்கிழமை போய்ப் பாப்பம். காசை இன்னொரு நாள் குடுப்பம். சனிபகவான் ரசீதைத்தானே பாப்பார்?"

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அதற்குள் லா சப்பல் முழுக்கச் செய்தி போய்விட்டது. இவர் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் மேசையில் இருக்கிற எல்லோரும் ஆலோசனை சொன்னார்கள். குழல் நீளமாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். கட்டையாக இருக்க வேண்டும் என்றார் அடுத்தவர். மரப்பிடிதான் மழைக்கு நல்லது, பிளாஸ்ரிக் பிடிதான் மழைக்கு நல்லது. சொன்னவர்களில் ஒருவர்கூடத் துவக்குப் பிடித்தவர் இல்லை. ஊரில் சண்டைக் காலத்தில் உண்மையாகவே அதைத் தூக்கி நடந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தார் என்று இவர் வந்து சொன்னார். அவர் மட்டும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனாராம்.

விலைப் புத்தகங்களும் வீட்டில் குவிந்தன. ஒவ்வொரு துவக்குக்குக் கீழேயும் பாரம் போட்டிருந்தது. மகன் வாசித்துச் சொல்லச் சொல்ல இவர் பென்சிலால் வட்டம் போட்டார். கடைசியில்தான் தெரிந்தது, அது வெறும் துவக்கின் பாரம். குறி பார்க்கிற கண்ணாடிக் குழாய், தோளில் மாட்டுகிற வார், உள்ளே போட்டுச் சுடுகிற ரவைக் குண்டு எல்லாம் புறம்பு. சீலையின் விலையைக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும்போது, சட்டை தைக்கிற கூலி தனி, கரை அடிக்கிற கூலி தனி என்கிற மாதிரி. போட்ட வட்டத்தை எல்லாம் அழித்துவிட்டு இவர் மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்.

அந்தச் சனிக்கிழமை, கூறைச்சீலை எடுக்கப் போகிற மாதிரி நாலு பேராகப் போய் இறங்கினோம். முதலாளியின் கிராமத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பட்டணம். கடைக்காரி என் வயதுக்காரி, தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள். அவள் காலடியில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. நாங்கள் உள்ளே போனதும் அது தலையைத் தூக்கி எங்கள் நாலு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

அண்ணை ஒவ்வொரு துவக்காக வாங்கி, சந்தையில் மரவள்ளிக்கிழங்கு பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டுகிறபோது குழல் கடைக்காரியின் பக்கம் திரும்பிவிடும். அவள் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் குழலைப் பிடித்து நிலத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டாள்.

"மருமோன், உள்ளதுக்குள்ளை இலேசானது எது எண்டு கேள்."

மகன் கேட்டான். அவள் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தாள். கறுப்பு. மரமே இல்லை. இவர் வாங்கித் தோளில் வைத்தார். வைத்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. பிள்ளையைத் தூக்கினால் வருகிற மாதிரி ஒரு முகம்.

"இது இலேசுதான், ஆனால் இலேசானது தோளிலை கூடுதலா உதைக்குமாம் மாமா" என்றான் மகன்.

"உதைக்காத துவக்கு எங்கையடா இருக்கு? எங்களுக்குத் துவக்கைப் பற்றிப் படிப்பிக்கப் போறாவாமோ?"

அண்ணை ஊரை விட்டு வருகிற காலத்தில் எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தம் என்றால் தீபாவளிச் சீனவெடிதான். இதைச் சொன்னால் அங்கேயே சண்டை வரும் என்று நான் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடையின் பின்னால் நீளமாக ஒரு சுரங்கம் மாதிரி இருக்கிறது, அதற்குள் போய் ஒருதரம் சுட்டுப் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். இவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன்.

"சுட்டால் வாங்கினதுக்குச் சமன்" என்றார் அண்ணை. "இண்டைக்குச் சனி. வேண்டாம்."

அதனால் சுட்டுப் பார்க்கவில்லை. கையில் வைத்துப் பார்த்ததோடு சரி. புதன்கிழமை வந்து காசு கொடுக்கிறோம், அதுவரை எடுத்து வையுங்கள் என்று மகன் சொல்ல, அவள் ஏன் என்று கேட்டாள். அவன் என்னவோ சொன்னான். அவள் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினாள். காருக்குள் ஏறியதும் கேட்டேன்.

"அவவுக்கு என்ன சொன்னனி?"

"யூதருக்குச் சனிக்கிழமை இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒண்டு எண்டு சொன்னன். செ பொன், எல்லாம் சரி அம்மா, அவவுக்கு விளங்கீட்டுது."

அன்றைக்கு இரவே தும்புத்தடிக்கு மாப் பை ஏறியது. புதன்கிழமைக்குள் தோளைப் பழக்கிவிட வேண்டுமாம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடியைத் தூக்குவார், வலது முழங்கை மெல்ல மேலே போகும், பாதியில் நிற்கும், நுனி ஆடத் தொடங்கும். நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். பிறகு நுனி இறங்கிவிடும்.

"மா கூடிப்போச்சு" என்பார்.

"கொஞ்சம் கைக்குக் கிட்டக் கட்டுவமோ?"

"துவக்கிலை பாரம் எங்கை இருக்குதோ அங்கைதான் கட்டவேணும்."

"துவக்கிலை பாரம் எங்கை இருக்கு?"

அவருக்கும் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு ரீவியைப் போட்டார். அந்தச் சத்தத்துக்குள் இருக்கப் பிடிக்காமல் எழும்பினேன். குப்பை வாளியைக் கொட்டப் போனபோது வலிக்குப் போடுகிற குளிசை மட்டை ஒன்று, மாத்திரை எல்லாம் தீர்ந்து வெறுமையாகக் கிடந்தது. பேப்பரில் சுற்றி அடியில் போட்டிருந்தார். முருகா, இந்த மனிதருக்கு ஒரு வழியைக் காட்டு, மானைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கும்பிட்டேன்.

புதன்கிழமை நானும் இவரும் மட்டும் மெத்ரோ மாறி ரயிலில் போனோம். ராகுகாலம் தொடங்குவதற்கு முன்னால் காசு கொடுத்துவிட வேண்டும் என்று நான் வழி முழுக்க மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைக்காரி கறுப்புத் துவக்கை எடுத்து வைத்திருந்தாள். ஆனால் சுடாமல் தரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். சனிக்கிழமை உங்களுடைய வழக்கத்துக்கு மரியாதை கொடுத்தேன், இன்றைக்கு என்னுடைய வழக்கத்துக்குக் கொடுங்கள் என்றாள். எனக்குப் பாதிதான் விளங்கியது, இவர்தான் தமிழில் சொன்னார்.

காதுக்குப் பெரிய மூடி போட்டுக்கொண்டு சுரங்க வாசலில் நின்றேன். இவர் சுட்டார். மூடி போட்டும் அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் இருந்து வந்த மாதிரி இருந்தது. கடைசியாக நான் அதைக் கேட்டது ஊரில். கண்ணைத் திறந்து பார்த்தால் இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். இடக்கை தானாகப் போய் வலது தோளைப் பிடித்திருந்தது.

"எப்பிடி?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கெண்டால் இன்னொருக்காச் சுடுங்கோ."

"ரவையை ஏன் வீணாக்குவான்?"

"கண்ணாலை தண்ணி வருது, நல்லா இருக்காம். ஆருக்குப் பொய் சொல்லுறியள்? எனக்கோ, அந்த மனிசிக்கோ, இல்லை உங்கடை தோளுக்கோ?"

"மெல்லக் கதையும். அவவுக்கு விளங்கப்போகுது."

"விளங்கட்டும்!"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கடையில் சாமான் வாங்கவும் டொக்டரிடம் நோவைச் சொல்லவும்தான் காணும். நோவு என்ற சொல்லும் தோள் என்ற சொல்லும் அதில் இருந்தன. இரண்டையும் எடுத்து அவள் முன்னால் போட்டேன். அவள் இவருடைய கையில் இருந்த துவக்கை வாங்கிக் கீழே வைத்தாள். எந்தத் தோள் என்று கேட்டாள். வலது தோளைத் தொட்டுக் காட்டினேன். மற்றத் தோள்? மற்றது நல்லது என்றேன்.

"அப்படியானால் ஏன் மற்றத் தோளில் வைக்கவில்லை?"

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு நாள், அண்ணை, மகன், தேத்தண்ணிக் கடை மேசை முழுக்க, இலேசானது இலேசானது என்று அலைந்தோமே, ஒரு வாய்கூட இடது என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொல்ல எப்படித் தோன்றும்? விபூதி வாங்குவது வலக்கை. காசு கொடுப்பது வலக்கை. வாசலில் வைப்பது வலது கால். இங்கேயே பிறந்து வளர்ந்த மகன்கூட இடக்கையால் ஒரு பொருளை நீட்டமாட்டான், நான் வளர்த்த பிள்ளை. புதிதாக ஒரு காரியம் தொடங்கும்போது இடது பக்கம் எங்கள் புத்தியிலேயே இல்லை.

"நான் இடக்கையன் இல்லை" என்றார் இவர்.

"இடக்கையன் எண்டு ஆர் சொன்னது? தோளிலை வைக்கச் சொல்லுறா."

"முதல் முதல் ஒரு காரியம் இடப்பக்கத்தாலை தொடங்கிறதோ? நீரே சொல்லும், நீர்தானே பஞ்சாங்கம்."

எனக்கு ஏறியது பாருங்கள். "சிவபெருமான் உடம்பிலை அரைவாசியை அம்பாளுக்குக் குடுத்தவரெல்லோ? எந்தப் பக்கம் குடுத்தவர்?"

இவர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ, எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"அம்பாள் இருக்கிற பக்கத்திலை ஒரு துவக்கு இருந்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு பல்லுத் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். "உம்மடை வாய் இருக்க எனக்கேன் துவக்கு?" என்றார். கடைக்காரி என்ன என்று கேட்க, இவர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். சிவனில் தொடங்கி அம்பாளில் சிக்கி நின்றுவிட்டார்.

அவள் இவருடைய கைகளை நீட்டி வட்டம் பிடிக்கச் சொன்னாள். அதற்குள்ளால் சுவரில் ஒரு மான் தலையைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னாள். இவருக்கு இடக்கண்தான் முந்திக்கொண்டு பார்க்கிறதாம். இத்தனை வருடம் கூட இருந்தும் எனக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகு அந்தக் கறுப்புத் துவக்கு உதவாது. ரவை ஏற்றுகிற கைப்பிடி அதற்கு வலப்பக்கம் இருந்தது, இடத்தோளில் வைத்தால் கையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். அவள் வேறொன்றைக் கொண்டுவந்தாள். அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஒன்றும் இல்லை. பாக்குவெட்டி மாதிரி நடுவில் விரிந்து திறக்கும். உள்ளே ஒரே ஒரு ரவை. மூடினால் சரி. கறுப்பைவிடக் கொஞ்சம் பாரம்தான், ஆனால் பாரம் முழுக்க இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது. எங்கள் மாப் பை நுனியில் தொங்கியதை நினைத்துக்கொண்டேன். தோளில் முட்டுகிற இடத்தில் தடித்த றப்பர். ரவையும் சின்னது, அதனால் உதையும் குறைவு. வலக்கை உயர வேண்டியதில்லை, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, குழலை இரண்டு கால் உள்ள ஊன்றுதடியில் சாத்திவிடலாம்.

ஆனால் ஒன்று, இது மானுக்குத்தான், பன்றிக்கு இதன் பலம் காணாது என்றாள். பன்றி வேட்டை என்றால் ஊரே சேர்ந்து வரிசையாக நிற்பது. மான் என்றால் தனியாக ஒரு மரப்பரணில் காத்துக்கொண்டு இருப்பது. இவர் அந்தக் கறுப்புத் துவக்கைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கிராமத்து ஆட்களோடு வரிசையில் நிற்க எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும்.

"பரவாயில்லை" என்றார் கடைசியில். "பண்டியைக் கலைக்க நான் முந்தின மாதிரி நடந்து போவன். சுடுறதுக்கு மான் காணும்."

இடத்தோளில் வைத்தார். அங்கே இங்கே அசைந்து, முதல் நாள் சைக்கிள் ஏறுகிற பிள்ளை மாதிரிக் கோணல்மாணலாக நின்றார். சுட்டார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கடிக்கவில்லை, சுளிக்கவில்லை.

"இன்னொரு ரவை வேணும்" என்றார்.

அவர் சுட்டு முடிய ராகுகாலமும் தொடங்கிவிட்டது. அது முடியும் வரைக்கும் கடைக்கு எதிரே தெருவோரம் கிடந்த வாங்கில் குந்தியிருந்துவிட்டுத்தான் போய்க் காசு கொடுத்தோம். கடைக்காரி கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன நினைத்தாளோ.

வீட்டுக்குக் கொண்டுவந்தது வேறொரு கதை. இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்று சட்டம். சாமித்தட்டு இருக்கிற கூடத்தில் வைக்க விடமாட்டேன் என்று நான் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். மிச்சம் படுக்கையறைதான். அலுமாரிக்குள் என் பட்டுச்சீலைகள் இருந்த இடத்தில் பெட்டி ஏறியது. சீலைகள் கட்டிலுக்கு அடியில் போயின.

அண்ணை பார்க்க வந்தார். திறந்து காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒரு வெடியோ? மச்சான், அது குறி பிழைச்சால் நீ மற்றதைப் போடுமட்டும் மான் நிண்டு உன்னைப் பாத்துக்கொண்டிருக்குமோ? அதுவும் இடக்கையாலை! பேசாமல் அந்தத் தும்புத்தடியையே கொண்டுபோயிருக்கலாம்."

"ஒண்டு காணும் அண்ணை" என்றேன். "பாவமும் ஒண்டோடை முடியும்."

அவர் சிரித்தாலும் இவர் திரும்பச் செற்றிக்குப் போகவில்லை. கூடத்தில் நின்று இடத்தோளில் வெறுந்தடியை வைத்து வைத்துப் பழகினார். பயிற்சிக்காரியிடம் கேட்க வேண்டும், முழங்கையை எப்படி வைப்பது என்று, என்று சொல்லி அவராகவே பயிற்சிக்கும் போனார்.

புரட்டாதி வந்தது. சனிக்கிழமைகளில் நான் உபவாசம் இருந்து எள்ளெண்ணெய் எரிக்கிற மாதம். இவர் விரதக்காரர் இல்லாவிட்டாலும் ஏழரை நடப்பதால் அந்தச் சனிக்கிழமைகளில் மச்சம் தொடக்கூடாது என்று கட்டாயப்படுத்தியிருந்தேன். வேட்டைக்காரர்கள் மத்தியானம் இறைச்சி வாட்டிச் சாப்பிடுகிற இடத்தில், இவர் என் பிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு இருந்தார். முதலாளிக்கும் ஒரு பிடி கொடுத்ததாகச் சொன்னார். மூன்றாவது சனி நான் கோயிலில் எண்ணெய்ச் சட்டியோடு வரிசையில் நிற்கிறேன், போன் அடிக்கிறது.

"இஞ்சேரும், ஒண்டு விழுந்தது."

"இண்டைக்குச் சனிக்கிழமை!"

"அது மானுக்குத் தெரியேல்லை."

"வீட்டுக்குக் கொண்டு வந்திடாதேங்கோ, சொல்லிப்போட்டன். என்ரை குசினிக்குள்ளை அது வரப்படாது."

"இல்லை இல்லை. பொண்டிக்குக் கொண்டுபோறன். உம்மடை அண்ணையிட்டைப் பெரிய சட்டி இருக்கு. நாளைக்கு நான் சமைக்கிறன். நீரும் வாரும்."

நான் சமைக்கிறேன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சனீஸ்வரனைச் சுற்றி வந்தேன். மானுக்காகவும் ஒரு சட்டி எரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பொண்டிக்குப் போனால், சிரித்த அண்ணை கண்ணில் நீர் வடிய வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். இவர் மேலே நின்று அதிகாரம் பண்ணினார்.

"மச்சான், இது வெங்காயம் வெட்டின மாதிரியோ, விறகு கொத்தின மாதிரியோ? சின்னனா வெட்டு."

"உன்ரை ஒரு வெடிக்கு நான் ஒரு மூட்டை வெங்காயம் வெட்ட வேண்டிக் கிடக்கு."

அடுப்பு முழுக்க எண்ணெய் தெறித்திருந்தது. ஊறவைத்த இறைச்சி ஒரு பக்கம், மிளகாய்த்தூள் கொட்டினது ஒரு பக்கம். ஒரு துணியை எடுத்துத் துடைக்கிற ஆள் இல்லை. நான் மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன். இவர் கதைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், வலக்கையை நீட்டி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பேணி ஒன்றை எடுத்தார். கையை முழுக்க நீட்டி. எடுத்து, மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, திரும்ப அங்கேயே வைத்தார்.

அண்ணை பார்க்கவில்லை. நான் பார்த்தேன். சொன்னால் அந்த மனிதர் பிறகு அந்தக் கையைத் தூக்கமாட்டார்.

"என்ன சிலை மாதிரி நிக்கிறீர்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "கறுவாப்பட்டை எங்கை வைச்சிருக்கினம்?"

அண்ணையின் வீட்டில் கறுவாப்பட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?